ஈரக்காற்றுக்கு அப்பால் ஒரு யாழ்

வாவியின் மேல் நிற்கும் நீர்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இவ்விரு கரைகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நீர்நிலை நிற்கிறது. தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை காற்றில் கலந்திருக்கும் நீராவி முழுவதையும் திரட்டி, நீராக்கி, நிலத்தில் பரப்பினால் அது எவ்வளவு உயரம் நிற்கும்? வங்கக் கடலோரத்து வெப்பமண்டல நிலத்தில் பொதுவாக நான்கு, ஐந்து சென்ரிமீற்றர். மாரிகாலத்தில் இன்னும் கூடும். கச்சான் வீசி வயல்நிலம் வெடிக்கும் மாதங்களில், மழை ஒரு துளியும் விழாத நாட்களில்கூட, இந்த அளவு பெரிதாகக் குறைவதில்லை.

கண்ணால் பார்க்கும் வானத்துக்கு இந்த நீராவி தடையே இல்லை. மேகமற்ற இரவில் கல்லடிக் கடற்கரையில் நின்றால் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு மில்லிமீற்றர் முதல் பத்து மில்லிமீற்றர் வரை அலைநீளம் கொண்ட அலைகளுக்கு, அதாவது 30 முதல் 300 கிகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களுக்கு, நிலைமை வேறு. நீர் மூலக்கூறு 22 கிகாஹேர்ட்ஸிலும் 183 கிகாஹேர்ட்ஸிலும் அலைகளை விழுங்குகிறது. ஒட்சிசன் தன் பங்குக்கு 60, 119 கிகாஹேர்ட்ஸ் அருகே கதவை அடைக்கிறது. இந்த அடைப்புகளுக்கு நடுவே 90, 150, 220 கிகாஹேர்ட்ஸ் அருகே மூன்று சன்னல்கள் திறந்திருக்கின்றன. நீராவி கூடக்கூட அந்தச் சன்னல்களும் மங்குகின்றன.

இந்த அலைகளை எதற்காகத் தேட வேண்டும்? பிரபஞ்சத்தில் மிகக் குளிர்ந்தவை இங்கேதான் ஒளிர்கின்றன. 1964இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் கண்டறிந்த ஆதி வெப்பக் கதிர்வீச்சு, பிரபஞ்சம் பிறந்து ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி. அதன் இன்றைய வெப்பநிலை 2.725 கெல்வின். அது மிகப் பிரகாசமாக இருப்பது 160 கிகாஹேர்ட்ஸ் அருகே. விண்வெளியின் ஒவ்வொரு கன சென்ரிமீற்றரிலும் அந்த ஒளியின் துணிக்கைகள் நானூறுக்கு மேல் இருக்கின்றன. வாவிக்கு மேலே, வளிமண்டலத்தின் உச்சியிலும் அவை இடையறாது வந்து சேர்கின்றன. கீழே இறங்கும்போது ஈரக்காற்று அவற்றில் பெரும்பங்கை உறிஞ்சிவிடுகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எதை உறிஞ்சுகிறதோ அதையே உமிழவும் செய்யும் என்பது வெப்ப இயற்பியலின் விதி. 300 கெல்வின் அளவில் இருக்கும் காற்று தானே மில்லிமீற்றர் அலைகளில் ஒளிர்கிறது. வானியலாளர் தேடுவது 2.725 கெல்வின் கதிர்வீச்சில் இடத்துக்கிடம் காணும் நுண்ணிய வேறுபாடு. அது ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு. காற்றின் ஒளிர்வு ஒரே சீராக இருந்தாலாவது கழித்துவிடலாம். நீராவி திட்டுத்திட்டாகக் காற்றோடு நகர்கிறது. ஒவ்வொரு கணமும் கழிக்க வேண்டிய தொகை மாறிக்கொண்டே இருக்கிறது.

வறண்ட வானம் தேடி

எனவே முதல் வேலை நீராவிக்கு மேலே ஏறுவது, அல்லது நீராவி உறைந்து விழுந்துவிட்ட இடத்துக்குப் போவது. வளிமண்டல நீராவியின் பெரும்பகுதி தரையை ஒட்டிய சில கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. இதனால் உயரம் பெரிதும் உதவுகிறது. ஹவாயின் மௌனா கியா மலையில், 4,000 மீற்றருக்கு மேல், ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் தொலைகாட்டி நிற்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,200 மீற்றர் உயரத்தில், செரோ டோகோ மலைச்சரிவில், சைமன்ஸ் ஆய்வகம் இருக்கிறது. அங்கே நீராவியைத் திரட்டினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வரும். 2,800 மீற்றர் உயரப் பனிப்படலத்தின் மேல் நிற்கும் தென்துருவத் தொலைகாட்டிக்குக் குளிர்காலத்தில் அதனிலும் குறைவு. எழுவான்கரையின் ஐந்து சென்ரிமீற்றரோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

நம் பக்கத்திலும் இந்தத் தேடல் நடந்தது. பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனம் தன் வளாகத்திலேயே 10.4 மீற்றர் விட்டமுள்ள மில்லிமீற்றர் அலைத் தொலைகாட்டி ஒன்றை நிறுவி இயக்கியது. தக்காணப் பீடபூமியின் 900 மீற்றர் உயரம் இந்த வேலைக்குப் போதாது. லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீற்றரில் இந்திய வானியல் ஆய்வகம் அமைந்திருப்பதற்கு வறண்ட வானமும் ஒரு காரணம்.

இடம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. வறண்ட வானின் கீழ் வைக்கத் தகுந்த உணரி வேண்டும். இந்த அத்தியாயத்தின் மையப் பொருள் அதுதான்.

மீகடத்தியின் விளிம்பில்

1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி ஓர் எளிய கருவியைச் செய்தார். கறுப்பாக்கிய மெல்லிய உலோகப் பட்டையில் ஒளி விழுந்தால் அது சூடாகும். சூடானால் அதன் மின்தடை மாறும். மாறிய தடையை அளந்தால் வந்த ஒளியின் அளவு தெரியும். போலோமீற்றர் என்ற இக்கருவியின் தத்துவம் இன்றுவரை மாறவில்லை. மாறியது வெப்பமானி. லாங்லியின் பட்டையில் வெப்பநிலை சிறிது ஏறினால் தடையும் சிறிதளவே ஏறும். வானத்தின் மிக மெல்லிய வெப்பத்தை உணர, சின்னஞ்சிறு சூட்டுக்கே தடையைப் பெரிதாக மாற்றும் பொருள் தேவைப்பட்டது.

அப்படிப்பட்ட பொருளை 1911இல் லைடன் நகரத்தில் ஹைக்க கமர்லிங் ஓனஸ் கண்டார். பாதரசத்தை 4.2 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை முற்றாக மறைந்தது. இதுவே மீகடத்தல். தடை உள்ள நிலையிலிருந்து தடையற்ற நிலைக்கு உலோகம் தாவும் வெப்பநிலை இடைவெளி மிகக் குறுகியது. உலோகப் படலத்தைச் சரியாக அந்த விளிம்பில் நிறுத்த முடிந்தால், ஒரு கெல்வினின் மிகச்சிறிய பின்னம்கூடத் தடையில் பெரிய மாற்றமாகத் தெரியும்.

விளிம்பில் நிறுத்துவதுதான் கடினம். சற்றுக் குளிர்ந்தால் தடை போய்விடும். சற்றுச் சூடானால் சாதாரண உலோகமாகிவிடும். பல பத்தாண்டுகள் இந்த யோசனை ஆய்வகத்துக்குள்ளேயே கிடந்தது. 1995இல் கென்ட் இர்வின் ஒரு வழி காட்டினார். படலத்துக்கு நிலையான மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். மின்னோட்டத்தை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். ஒளி விழுந்து படலம் சூடானால் தடை ஏறுகிறது. தடை ஏறினால் மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் மின்சாரம் தரும் சூடும் குறைந்து, படலம் பழைய நிலைக்கு இறங்குகிறது. படலம் தன்னைத்தானே விளிம்பில் நிறுத்திக்கொள்கிறது. குறைந்த மின்னோட்டத்தின் அளவு, வந்த ஒளியின் அளவைச் சொல்லிவிடுகிறது. இதற்கு நிலைமாற்ற விளிம்பு உணரி என்று பெயர். சைமன்ஸ் ஆய்வகத்தின் உணரிகள் அலுமினியத்தில் சிறிது மங்கனீசு கலந்து செய்தவை. தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்கு வெப்பநிலையில், ஹீலியத்தின் இரு ஓரிடத்தான்களைக் கலந்து இயங்கும் குளிரூட்டியின் அடியில், அவை வேலை செய்கின்றன.

எண்ணிக்கை என்ற பெரும் சிக்கல்

இந்த உணரிகள் வந்தபின் ஓர் எல்லை தெரியத் தொடங்கியது. ஒளி சீரான ஓடையாக வருவதில்லை. ஒளித் துணிக்கைகள் தற்செயலாக, சில கணம் கூடியும் சில கணம் குறைந்தும் வருகின்றன. அந்த ஏற்றத்தாழ்வு ஒளியின் இயல்பு. எந்தக் கருவியாலும் அதை நீக்க முடியாது. உணரியின் சொந்த இரைச்சல் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், உணரியை மேலும் செம்மைப்படுத்துவதால் பயன் மிகச் சொற்பம். நல்ல வானத்தின் கீழ் நல்ல உணரிகள் இன்று அந்த எல்லையை ஏறக்குறைய எட்டிவிட்டன.

அதற்கப்பால் செல்ல மீதமிருப்பது எண்ணிக்கை. அளவீட்டின் துல்லியத்தை இருமடங்காக்க நான்கு மடங்கு உணரிகள் வேண்டும், அல்லது நான்கு மடங்கு காலம் பார்க்க வேண்டும். ஓராண்டில் செய்வதை நான்காண்டு செய்யலாம். நூறாண்டு செய்ய முடியாது. இதனால் உணரிகள் பெருகின. தென்துருவத் தொலைகாட்டி 2007இல் தொடங்கியபோது அதன் கருவியில் 960 உணரிகள் இருந்தன. அதே தொலைகாட்டியில் 2017இல் பொருத்திய மூன்றாம் தலைமுறைக் கருவியில் ஏறக்குறைய 16,000. மௌனா கியாவின் ஸ்கூபா-2 கருவியில் 10,000. சைமன்ஸ் ஆய்வகத்தின் நான்கு தொலைகாட்டிகளிலும் சேர்த்து 60,000.

ஓர் உணரிக்கு இரண்டு கம்பி என்று வைத்தால் 60,000 உணரிகளுக்கு 1,20,000 கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் 300 கெல்வின் அறையிலிருந்து 0.1 கெல்வின் அடித்தளம் வரை வெப்பத்தைக் கடத்தும். அந்தத் தளத்தில் குளிரூட்டி அகற்றக்கூடிய வெப்பம் மைக்ரோவாட் கணக்கில்தான் இருக்கும். அத்தனை கம்பிகளை இறக்கினால் கருவி குளிரவே குளிராது. உணரியைச் செய்வதைவிட, அது சொல்வதை வெளியே கொண்டுவருவதே பெரிய வேலையாகிவிட்டது. மில்லிமீற்றர் வானியலின் கடந்த இருபத்தைந்து ஆண்டு வரலாறு, என் பார்வையில், இந்தக் கம்பிகளைக் குறைத்த வரலாறு.

முதல் விடை முறை வைத்துக் கேட்பது. மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்கும் ஸ்குவிட் என்ற மீகடத்திச் சுற்றுகள் மூலம், பல உணரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை சுற்றிச் சுற்றிப் படிப்பது. ஸ்கூபா-2 இப்படித்தான் இயங்குகிறது. ஸ்குவிட் செய்யும் கைத்திறன் தமிழ்நாட்டிலும் உண்டு. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நையோபியத்தால் ஸ்குவிட் உணரிகளைச் செய்து, இதயமும் மூளையும் எழுப்பும் காந்தப்புலங்களை அளந்திருக்கிறது. மட்டக்களப்பைத் தொடும் அதே வங்கக் கடலின் ஈரக்காற்றில், ஹீலியக் குளிரில் நடந்த வேலை அது.

நரம்புக்கு ஒரு சுரம்

இரண்டாவது விடையை விளங்கிக்கொள்ள இந்த வாவிக்கரையின் மிகப்பெரிய அறிஞரிடம் போவது பொருத்தம். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், அறிவியல் பயின்றவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர், அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியவர். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை வளர்த்தவரும் அவரே. 1947இல் அரங்கேறிய அவருடைய யாழ் நூல், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ்களைக் கணிதத்தின் துணையால் மீட்டெடுக்க முயன்றது. நரம்பின் நீளத்துக்கும் அது எழுப்பும் சுரத்தின் மீடிறனுக்கும் உள்ள விகிதங்களை அவர் வரிவரியாகக் கணக்கிட்டார்.

யாழில் வீணையைப் போல மெட்டுகள் இல்லை. விரலால் அழுத்தி ஒரே தந்தியில் பல சுரங்கள் எழுப்புவது வீணை. யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரே சுரம். பேரியாழுக்கு 21 நரம்புகள் என்பர். 21 நரம்புகளும் ஒருசேர ஒலித்தாலும், சுரம் அறிந்த செவி எது எந்த நரம்பு என்று பிரித்துச் சொல்லும். எந்த நரம்பாவது தளர்ந்து சுரம் இறங்கினால், எது இறங்கியது, எவ்வளவு இறங்கியது என்பதும் உடனே தெரியும்.

2003இல் கலிபோர்னியாவில், கால்டெக் நிறுவனத்தையும் ஜெட் உந்துகை ஆய்வகத்தையும் சேர்ந்த பீற்றர் டே, ஜோனாஸ் ஸ்முயிட்சினாஸ் உள்ளிட்ட குழுவினர் நேச்சர் இதழில் அறிவித்த உணரி இந்த வகையைச் சேர்ந்தது. மீகடத்தியில் இலத்திரன்கள் இரண்டிரண்டாக இணைந்து தடையின்றி ஓடுகின்றன. ஓடும் இணைகளுக்கும் நிறை உண்டு. திசையை மாற்றச் சொன்னால் உடனே மாறாமல் சற்றே தயங்கும். இந்தத் தயக்கம் சுற்றில் ஒரு தூண்டலாகத் தோன்றுகிறது. அதை இயக்கத் தூண்டல் என்கிறார்கள். மெல்லிய மீகடத்திப் படலத்தால் ஒரு தூண்டற் சுருளும் ஒரு கொள்ளளவியும் செய்து இணைத்தால், அது ஒரு குறிப்பிட்ட மீடிறனில் பரிவு கொள்ளும். அந்த மீடிறனே அதன் சுரம்.

வானிலிருந்து வரும் ஒளித் துணிக்கை போதிய ஆற்றல் கொண்டதாக இருந்தால் இலத்திரன் இணையை உடைத்துவிடும். அலுமினியம் 1.2 கெல்வினில் மீகடத்தியாகிறது; அதன் இணைகளை உடைக்க ஏறக்குறைய 90 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒளி போதும். வானியலாளருக்கு வேண்டிய சன்னல்கள் தொடங்குவதும் அங்கேதான். இணைகள் குறைந்தால், மீந்த இணைகள் அதே மின்னோட்டத்தைச் சுமக்க வேகமாக ஓட வேண்டும். தயக்கம் கூடுகிறது, தூண்டல் கூடுகிறது, சுரம் இறங்குகிறது. இறக்கத்தின் அளவே வந்த ஒளியின் அளவு.

ஒவ்வோர் உணரியின் கொள்ளளவியையும் சற்றே வேறு நீளத்தில் வெட்டினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுரம் கிடைக்கும். எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் ஒரே கம்பியின் ஒரு முனையில் நூற்றுக்கணக்கான சுரங்களை ஒருசேர அனுப்பி, மறுமுனையில் ஒரே குளிர்ப் பெருக்கியால் கேட்கலாம். மீகடத்தியில் ஆற்றல் இழப்பு மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு சுரமும் மிகக் கூர்மையானது. அடுத்தடுத்த சுரங்களை நெருக்கமாக அடுக்க முடியும். ஸ்பெயினின் பிக்கோ வெலேற்றா மலையில் 30 மீற்றர் தொலைகாட்டியில் இயங்கும் நிக்கா-2 கருவியில் ஏறக்குறைய 2,900 உணரிகள். அவற்றுக்கு 20 கம்பிகள் போதுமாயிருக்கின்றன. சைமன்ஸ் ஆய்வகம் இரு முறைகளையும் இணைத்தது. உணர்வது விளிம்பு உணரி. அது சொல்வதை ஒரு ஸ்குவிட் வாங்கி, 4 முதல் 6 கிகாஹேர்ட்ஸ் வரையான தனக்குரிய சுரத்தை ஏற்றி இறக்கிக் காட்டும். இதனால் ஒரு வழித்தடத்தில் 900 உணரிகளுக்கு மேல் பேச முடிகிறது.

இதில் சுருதி சேர்க்கும் சிக்கலும் உண்டு. படலத்தின் தடிப்பு வட்டின் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் சிறிது மாறினாலும், திட்டமிட்ட சுரங்கள் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அப்படி மோதிய இரண்டு உணரிகளையும் பிரித்துப் படிக்க முடியாது. இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வோர் உணரிக்கும் எதிரே ஒரு சிறு ஒளியுமிழ் இருவாயியை வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றி, எந்தச் சுரம் அசைகிறது என்று பார்த்து, எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைத் தயாரிப்பார்கள். பின்னர் கொள்ளளவியை அளந்து சீவி, ஒவ்வொரு சுரத்தையும் அதன் இடத்துக்குக் கொண்டுவருவார்கள்.

தெற்கு வானில் கண்டவை

தென்துருவத் தொலைகாட்டி ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்க்கும் வானப்பகுதி, வானநடுக்கோட்டுக்குத் தெற்கே 42 முதல் 70 பாகை வரை பரந்தது. மட்டக்களப்பு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான அகலாங்கில் இருப்பதால் அந்த வானம் இங்கிருந்தும் தெரியும். நவம்பர் முன்னிரவில் மேகம் விலகினால், தெற்கு அடிவானுக்கு மேல் தனித்து ஒளிரும் பிரகாசமான விண்மீன் அகெர்னார். அது நிற்பது அந்தப் பகுதிக்குள்தான்.

அங்கே அந்த உணரிகள் கண்டவற்றில் முதன்மையானவை விண்மீன்திரள் கொத்துகள். நூற்றுக்கணக்கான விண்மீன்திரள்கள் சேர்ந்த கொத்தின் நடுவே கோடிக்கணக்கான பாகை சூடான வாயு நிறைந்திருக்கிறது. ஆதி வெப்பக் கதிர்வீச்சு அதனூடாக வரும்போது சூடான இலத்திரன்கள் ஒளித் துணிக்கைகளை மோதி உயர்ந்த மீடிறனுக்குத் தள்ளுகின்றன. இதனால் 150 கிகாஹேர்ட்ஸில் அந்த இடம் சற்று இருண்டும், 220 அருகே மாற்றமின்றியும், அதற்கு மேல் சற்றுப் பிரகாசமாகவும் தெரியும். இதை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராஷித் சுன்யாயெவும் யாக்கோவ் செல்டோவிச்சும் கணித்திருந்தனர். கொத்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இருட்டின் ஆழம் குறைவதில்லை. இந்த வழியில் புதிய கொத்துகளைக் கண்டுபிடித்ததை 2009இல் முதன்முதலாக அறிவித்தது தென்துருவத் தொலைகாட்டிதான்.

அதைவிட மெல்லிய தடயம் முனைவாக்கத்தில் இருக்கிறது. பிரபஞ்சத்தின் முதற்கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகள் அந்தப் பழைய ஒளியில் சுழல்வடிவ முனைவாக்கத்தை விட்டுச் சென்றிருக்கலாம். 2014இல் தென்துருவத்தின் பைசெப்-2 குழு அதைக் கண்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பிளாங்க் செய்மதியின் தரவோடு சேர்த்து ஆராய்ந்தபோது, கண்டதை நம் பால்வீதியின் தூசியே விளக்கிவிடக்கூடும் என்று தெரிந்தது. தூசியின் ஒளி மீடிறனோடு ஒரு விதமாகவும் ஆதி ஒளி வேறு விதமாகவும் மாறும். ஆகவே பல மீடிறன்களில், மிகப் பல உணரிகளால் அளந்தால் மட்டுமே இரண்டையும் பிரிக்க முடியும். சைமன்ஸ் ஆய்வகம் 27 முதல் 280 கிகாஹேர்ட்ஸ் வரை ஆறு பட்டைகளில் பார்ப்பது இதற்காகவே.

தடையே செய்தியாகும்போது

வானியலாளர் தப்பி ஓடும் 183 கிகாஹேர்ட்ஸ் நீராவிக் கோட்டைத் தேடிப் போனவர்களும் உண்டு. 2011 ஒக்டோபர் 12 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ் செய்மதியில் சஃபீர் என்ற கருவி இருந்தது. 183.31 கிகாஹேர்ட்ஸைச் சுற்றிய ஆறு பட்டைகளில் அது வளிமண்டலத்தின் ஒளிர்வை அளந்தது. கோட்டின் நடுவில் ஒளிர்வு மேலடுக்குக் காற்றிலிருந்து வருகிறது. நடுவிலிருந்து விலக விலகக் கீழடுக்கின் ஈரம் தெரிகிறது. ஆறு பட்டைகளையும் சேர்த்தால் காற்றின் ஈரப்பதம் அடுக்கடுக்காகக் கிடைக்கும். நடுக்கோட்டுக்கு இருபது பாகை சாய்ந்த அந்தச் செய்மதியின் பாதை வெப்பமண்டலத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. வங்கக் கடலும் இலங்கையின் கிழக்குக் கரையும் அதன் பார்வைக்குள் இருந்தன. அதன் கருவி மீகடத்தியால் ஆனதன்று. ஆனால் அது அளந்த இயற்பியல், அட்டகாமாவில் கணக்கிலிருந்து கழிக்கப்படும் அதே இயற்பியல். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி போன்றவை கடல்மேல் நீராவியைக் குடித்தே வளர்கின்றன. அந்த நீராவியை வானிலிருந்து அளப்பது இந்தக் கரைக்கு உயிர் காக்கும் அறிவு.

மில்லிமீற்றர் தொலைகாட்டி ஒன்று இந்த வாவிக்கரையில் ஒருபோதும் நிற்காது; காற்று அதற்கு இடம் தராது. அதன் தரவு இங்கே வர எந்தத் தடையும் இல்லை. அட்டகாமா, தென்துருவத் தொலைகாட்டிகளின் வரைபடங்கள் நாசாவின் லாம்டா காப்பகத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவர், அகெர்னாரைச் சுற்றிய வானத்தில் விண்மீன்திரள் கொத்துகளின் இருண்ட புள்ளிகளைத் தன் மடிக்கணினியிலேயே தேடலாம். அதற்கு அவருக்குத் தேவைப்படும் பரிவும் மீடிறனும் இரைச்சலின் கணக்கும் உயர்தரப் பௌதிகவியலில் தொடங்குகின்றன. அதே கணக்குத்தான் செய்மதித் தரவிலிருந்து புயலின் ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. விபுலாநந்தர் ஒரு நரம்பின் நீளத்திலிருந்து பழைய இசை முழுவதையும் மீட்கத் துணிந்த கரை இது. அந்தத் துணிவோடு இந்த இயற்பியலைத் தமிழில் கற்பித்தால், ஆதி ஒளியைப் படிப்பவர்களும் அடுத்த சூறாவளியை முன்னறிந்து சொல்பவர்களும் ஒரே வகுப்பறையிலிருந்து வருவார்கள்.